வீடு மாறணும், அம்மா வீட்டை விற்கணும், அட்டையில் செய்யும் கோயில் விமானம் ஒன்பதாம் நிலையில் நிற்குது. காகித வேலையை என்ன செய்ய?

காகிதக்கொக்கு · 25 மே 2024

எல்லோருக்கும் வணக்கம். இதுவரை இந்தக் காகிதக்கலைக் குழுவில் வாசிப்பதோடு சரி, எழுதியதில்லை. இப்போது எழுத வேண்டிய நிலை.

பத்து நாளில் குரோம்பேட்டை வீட்டைக் காலி செய்துவிட்டுக் கோயம்புத்தூர் போகிறோம். வேலை மாற்றல். பள்ளி திறப்பதற்குள் போய்ச் சேர வேண்டும். அது போதாதென்று கும்பகோணத்தில் அம்மா இருக்கும் வீட்டை விற்பதென்று முடிவாகியிருக்கிறது. அப்பா போய் மூன்று வருடம். திண்ணையிலிருந்து கொல்லை வரை அந்த நீள வீட்டைப் பெருக்கி முடிப்பதற்குள் அம்மாவுக்கு மூச்சு வாங்குகிறது. அக்கா திருச்சி, தம்பி சிங்கப்பூர். அலைச்சல் என் தலையில்.

இதற்கு நடுவில் என் பைத்தியம். எட்டு மாதமாகத் தஞ்சைப் பெரிய கோவில் விமானத்தை அட்டையில் செய்துகொண்டிருக்கிறேன், 1:100 அளவில். 216 அடி என்பார்கள். எனக்கு 66 செ.மீ. பதின்மூன்று நிலையில் ஒன்பது முடிந்தது. வீட்டுக்காரி, "ராஜராஜனே 1010லதான் முடிச்சான், உங்களுக்கு என்ன அவசரம், பெட்டியைக் கட்டுங்க" என்கிறாள்.

ஒன்று, இதை எப்படிப் பத்திரமாகக் கொண்டுபோவது? இரண்டு, அடுத்த ஆறேழு மாதம் கை சும்மா இருந்தால் எனக்குத் தூக்கம் வராது. இந்த அலைச்சலில் காகித வேலையை விடாமல் வைத்திருந்தவர்கள் யாராவது உண்டா?

பசைவிரல் · 25 மே 2024

நிலைகளை ஒன்றோடொன்று ஒட்டியாச்சா இல்லையா? அதைச் சொல்லாம யாரும் யோசனை சொல்ல முடியாது.

காகிதக்கொக்கு · 25 மே 2024

ஒட்டவில்லை. ஒவ்வொன்றும் தனிப்பெட்டி மாதிரி, அடிப்பக்கம் திறப்பு. கீழ்நிலை 30 செ.மீ. சதுரம். கடைசியில் மொத்தமாக ஒட்டலாம் என்று விட்டுவைத்தேன்.

பசைவிரல் · 25 மே 2024

பிழைச்சீங்க. அடுக்குப் பாத்திரத்தை எப்படிக் கொண்டுபோவோம்? பெருசுக்குள்ள சின்னது. கீழ்நிலையைக் கவிழ்த்து வச்சு, அதுக்குள்ள அடுத்தது, அதுக்குள்ள அடுத்ததுன்னு இறக்கிட்டே வாங்க. நடுவுல பழைய வேட்டித் துணி. செய்தித்தாள் வேண்டாம், வெள்ளை அட்டையில மை ஏறும். பிளாஸ்டிக் கவர்ல இறுக்கிக் கட்டவும் வேண்டாம். மெட்ராஸ் ஈரத்தையும் சேர்த்து உள்ளே பூட்டி வச்ச மாதிரி ஆகிடும். கோயம்புத்தூர்ல பிரிக்கும்போது ஓரமெல்லாம் வளைஞ்சு நிக்கும்.

இன்னொண்ணு. பெட்டி மேல "உடையும் பொருள்"னு எத்தனை மொழியில எழுதினாலும் லாரிக்காரர் கண்ணுல படாது. "சாமி பொம்மை"ன்னு எழுதுங்க. கோயில்தானே, பொய்யும் இல்லை. என் அனுபவத்துல அந்த ஒரு பெட்டியை மட்டும் செருப்பைக் கழட்டிட்டுத் தூக்கினாங்க.

குவில்லிங்_மாமி · 26 மே 2024

பொம்மையை விடுங்கோ, பேப்பர் ஸ்டாக்கை என்ன பண்ணப் போறேள்? எல்லாரும் அங்கேதான் கோட்டை விடுவா. 80 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 80 கிராம் இருக்கிற ஏ4 தாள் ஒண்ணு 5 கிராம்தான். 500 தாள் கட்டு இரண்டரைக் கிலோ. பத்துக் கட்டை ஒரே அட்டைப்பெட்டியில அடுக்கினா 25 கிலோ. நான் அடுக்கினேன். மாடிப்படியில பாதி வழியில அடி பிய்ஞ்சு, எதிர்வீட்டு வாசல் வரைக்கும் வெள்ளைக் கோலம். சின்னப் பெட்டியா எடுத்து மூணு கட்டுக்கு மேல வைக்காதேள். 250 ஜிஎஸ்எம் அட்டை நூறு தாளே ஒன்றரைக் கிலோவுக்கு மேல வரும்.

கை சும்மா இருக்காதுன்னு சொன்னேளே, அதுக்கு ஒரு டிபன் டப்பா போதும். நான் பெண்ணோட பிரசவத்துக்குப் பெங்களூரு போனப்போ அதுல எடுத்துண்டு போனது 3 மி.மீ. காகிதப் பட்டை ரெண்டு கட்டு, அதைச் சுருட்டத் துளை ஊசி, ஃபெவிகால் குட்டி பாட்டில். அவ்வளவுதான். கத்தி, கட்டிங் மேட், ஸ்டீல் ஸ்கேல் எல்லாம் வேணும்னா அது பொழுதுபோக்கு இல்லை, பட்டறை. பட்டறையோட பஸ்ஸுல போக முடியாது.

சோனோபே30 · 26 மே 2024

மாமி சொன்னதை வழிமொழிகிறேன். பசை, கத்தி எதுவும் இல்லாத மடிப்பு வேலைக்கு மாறுங்கள். சோனோபே என்பது ஒன்றுக்குள் ஒன்று செருகுகிற மடிப்புத் துண்டு, ஒன்று மடிக்க எனக்கு இரண்டு நிமிடம். ஆறு துண்டு சேர்ந்தால் கனசதுரம், முப்பது சேர்ந்தால் நட்சத்திரப் பந்து. ரிஜிஸ்டர் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு பந்து முடிக்கலாம். சில நாள் இரண்டு.

நேர்க்கோடு · 26 மே 2024

யாரும் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள், நான் சொல்கிறேன். எல்லாவற்றையும் மூட்டை கட்டிப் பரணில் போடுங்கள். ஆறு மாதம் தொடாதீர்கள்.

என் அப்பா வீட்டை விற்றபோது நானும் இப்படித்தான், இரண்டையும் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க ஆள் வந்தார்கள். நான் ஒரு கப்பல் மாடலுக்குப் பாய்மரம் ஒட்டிக்கொண்டிருந்தேன், பசை காய்வதற்குள் கையை எடுக்க முடியாது, "நீயே பேசிக்கோம்மா" என்றேன். அம்மா, தரகர் சொன்ன விலைக்குத் தலையாட்டிவிட்டாள். பதினொரு வருடம் ஆகிறது. அதைப் பற்றி நாங்கள் இன்றுவரை பேசியதில்லை. கப்பல் ஷோகேஸில் இருக்கிறது.

குவில்லிங்_மாமி · 26 மே 2024

அது கப்பலோட தப்பு இல்லையேப்பா.

நேர்க்கோடு · 26 மே 2024

கப்பலின் தப்பு என்று யார் சொன்னது?

பழைய_பத்திரம் · 27 மே 2024

நான் காகிதம் மடிப்பவன் அல்ல. பேத்தி மடிக்கிறாள், அவளுக்காக இங்கே வருவேன். முப்பத்தாறு வருடம் பத்திரம் எழுதியவன் என்பதால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

தம்பி, அப்பா உயில் எழுதினாரா? இல்லையென்றால் அவர் சுயமாகச் சம்பாதித்த வீட்டில் அம்மா, அக்கா, நீங்கள், தம்பி நால்வருக்கும் சமபங்கு. ஆனால் முதலில் கேட்க வேண்டியது வேறு. அப்பா இறந்த அன்று, அவரைப் பெற்ற பாட்டி உயிரோடு இருந்தாரா? இருந்திருந்தால் அவரும் ஒரு பங்குக்காரர். பிறகு அவர் காலமானால் அந்தப் பங்கு அவருடைய மற்ற பிள்ளைகளுக்கும் போகும். அத்தையும் சித்தப்பாவும் கையெழுத்துப் போட வேண்டிவரும். பத்திரம் முடிகிற நாளில் இதனால் நின்றுபோன விற்பனைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

வாரிசுச் சான்று தாசில்தாரிடம் வாங்கியாயிற்றா? தாய்ப்பத்திரம் யார் கையில்? வில்லங்கம் எத்தனை வருடத்துக்குப் போட்டீர்கள்? வீட்டு வரி இன்னும் அப்பா பெயரில்தானா? சிங்கப்பூர்த் தம்பி வர முடியாவிட்டால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பவர் எழுதிச் சான்று வாங்கி அனுப்பட்டும். அது இங்கே வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். பலர் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு மறந்துவிடுகிறார்கள்.

காகிதக்கொக்கு · 27 மே 2024

ஐயா, படித்ததும் வயிற்றைக் கலக்கிவிட்டது. அம்மாவுக்குப் போன் போட்டேன். பாட்டி 2016லேயே தவறிவிட்டார், அப்பாவுக்கு ஐந்து வருடம் முன்னால். இறப்புச் சான்று எங்கே என்று கேட்டால், "எங்கேயோ பரண்ல இருக்கும்" என்கிறாள். அந்தப் பரணில் என்னதான் இல்லை.

நேர்க்கோடு அண்ணா, நீங்கள் சொன்னது உறைத்தது. ஆள் வரும் நாளில் கையில் காகிதம் இருக்காது. அது மட்டும் உறுதி.

காகிதக்கொக்கு · 16 ஜூன் 2024

வந்து சேர்ந்தோம். "சாமி பொம்மை" வேலை செய்தது. லாரியில் இருந்து இறக்கியவர் "பூஜை ரூம் எதுங்க?" என்று கேட்டு நேரே அங்கே கொண்டுபோய் வைத்தார். ஒன்பது நிலையில் எட்டு அப்படியே வந்துவிட்டது. ஆறாம் நிலை நசுங்கியது லாரியில் அல்ல, வீட்டுக்குள். சின்னவன் அந்தப் பெட்டி மேல் ஏறி ஜன்னலில் மயில் பார்த்திருக்கிறான். மயிலைக் காட்டி என்னையும் கூப்பிட்டான், அதனால் திட்ட முடியவில்லை.

இங்கே காற்றில் ஈரம் குறைவு. குரோம்பேட்டையில் எப்போதும் வளைந்தே கிடந்த 160 ஜிஎஸ்எம் அட்டை, ஒரு வாரத்தில் பலகை மாதிரி நிமிர்ந்துவிட்டது.

இனி வாரக்கடைசியெல்லாம் கும்பகோணம். வெள்ளி இரவு பஸ், ஞாயிறு இரவு திரும்பல். டிபன் டப்பா பையில் இருக்கிறது, மாமி.

காகிதக்கொக்கு · 30 ஜூன் 2024

பரண் படலம். இரண்டு வாரமாக இறக்கிக்கொண்டே இருக்கிறோம். கொலு பொம்மைகள் மட்டும் நான்கு மரப்பெட்டி. பாதி பண்ருட்டிக் காகிதக்கூழ் பொம்மைகள். ஒவ்வொன்றையும் அப்பாவின் பழைய வேட்டிக் கிழிசலில் அம்மா சுற்றியிருக்கும் விதத்தைப் பார்த்தேன். கழுத்தில் ஒரு சுற்று, கையில் ஒரு சுற்று, தலைக்குத் தனித் துணி. பசைவிரல் எனக்குச் சொன்னதையெல்லாம் என்னைப் பெற்றவள் நாற்பது வருடமாகச் செய்துகொண்டிருக்கிறாள், நான்தான் கவனிக்கவில்லை.

அப்புறம் கல்யாணப் பத்திரிகைகள். ஊரில் நடந்த அத்தனை கல்யாணமும் கட்டுக் கட்டாகச் சணலில் கட்டி இருக்கிறது. எல்லாம் நல்ல கெட்டி அட்டை! பழைய பேப்பர்காரருக்குப் போட மனம் வரவில்லை. வீட்டுக்காரி போனிலேயே எச்சரித்துவிட்டாள், "ஒரு மூட்டைக் குப்பையை இங்கேயிருந்து அங்கே மாத்துறதுக்கா பஸ் சார்ஜ்?"

பசைவிரல் · 30 ஜூன் 2024

அட்டை நல்லதுதான், ஆனா தங்க ஃபாயில் ஒட்டின பக்கம் மடிச்சா வெடிக்கும். மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால கோட்டை அழுத்திக் கீறிட்டு, ஃபாயில் உள்பக்கம் வர்ற மாதிரி மடிங்க. மூட்டையோட தூக்காதீங்க. ஒரு பக்கம் காலியா இருக்கிறதை மட்டும் பொறுக்கி, ஒரு ஷூ பெட்டி அளவு. அதுக்கு மேல ஒண்ணு வந்தா உள்ளே இருக்கிற ஒண்ணு வெளியே போகணும்.

கொண்டுபோறதுக்கு முன்னாடி உதறிப் பாருங்க, இராமபாணம் இருக்கும். ஒரு பூச்சி போதும், விமானத்துக்குச் சன்னல் வச்சிடும்.

பழைய_பத்திரம் · 1 ஜூலை 2024

பரண் காகிதத்தை எடைக்குப் போடுமுன் ஒவ்வொரு கட்டையும் பிரித்துப் பாருங்கள். மூலப்பத்திரத்தைப் பழைய பஞ்சாங்கத்துக்கு நடுவில் வைத்து எடைக்குப் போட்ட குடும்பம் ஒன்று உண்டு. போலீசில் புகார், "கண்டுபிடிக்க இயலவில்லை" என்று சான்று, நாளிதழில் விளம்பரம். கிலோவுக்குக் கிடைத்த பத்து ரூபாய்க்கு அத்தனை அலைச்சல்.

காகிதக்கொக்கு · 7 ஜூலை 2024

பிரித்துப் பார்த்தோம் ஐயா. பாட்டியின் இறப்புச் சான்று, அத்தை மகள் கல்யாணப் பத்திரிகைக் கவருக்குள் இருந்தது. தாய்ப்பத்திரம் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது.

இரண்டு பேர் வீடு பார்த்துப் போனார்கள். ஒருவர் திரும்ப வருவார் போலிருக்கிறது.

பழைய_பத்திரம் · 8 ஜூலை 2024

வந்தாலும் ஆவணியில்தான் வருவார். 17ஆம் தேதி ஆடி பிறக்கிறது. ஆடியில் வீட்டை வாங்கவும் மாட்டார்கள், அட்வான்ஸ் கொடுக்கவும் மாட்டார்கள். அந்த ஒரு மாதம் உமக்குத்தான். மடித்துத் தள்ளும்.

சோனோபே30 · 8 ஜூலை 2024

அந்த மாதத்தில் கும்பகோணத்து வீட்டையே 1:100இல் செய்யுங்களேன். அம்மாவுக்கு ஒரு நினைவாக இருக்கும்.

காகிதக்கொக்கு · 8 ஜூலை 2024

எனக்கும் தோன்றாமல் இல்லை. அம்மாவிடம் கேட்டேன். "விக்கிறதுன்னு முடிவு பண்ணியாச்சு, அப்புறம் அதைக் குட்டியா செஞ்சு கண்ணெதிர்ல வைப்பியா?" என்றாள். விட்டுவிட்டேன்.

சோனோபே30 · 24 ஜூலை 2024

இழையை மேலே கொண்டுவருகிறேன். பகலில் ஆடிட்டர் ஆபீஸ் குமாஸ்தா நான், அதனால் சொல்கிறேன். நேற்றைய பட்ஜெட்டில் வீடு விற்ற லாபத்துக்கு வரி 20இலிருந்து 12.5 சதவீதம் ஆகியிருக்கிறது. ஆனால் பணவீக்கத்துக்கு ஈடாக வாங்கிய விலையை ஏற்றிக் காட்டும் சலுகை போய்விட்டது. உங்கள் வீடு அப்பா எப்போது வாங்கியது?

காகிதக்கொக்கு · 24 ஜூலை 2024

1979. இது வேறா?

சோனோபே30 · 24 ஜூலை 2024

பயப்படாதீர்கள். 2001க்கு முன் வாங்கியது என்றால் 2001 ஏப்ரல் 1 அன்றைய மதிப்பை அடக்க விலையாகக் காட்டலாம், அது அப்படியே இருக்கிறது. எதிர்ப்பு பலமாக இருப்பதால் இன்னும் மாறினாலும் மாறும்.

காகிதக்கொக்கு · 29 ஜூலை 2024

ஒரு விஷயம் ஒப்புக்கொள்ள வேண்டும். வீட்டை மாடல் செய்ய மாட்டேன் என்று சொன்னேன் அல்லவா? ஆடி, ஆள் வரவில்லை, பரண் காலி, அம்மா மத்தியானம் தூங்குகிறாள். கை அரித்தது. அம்மாவுக்குத் தெரியாமல் டேப்பை எடுத்துக்கொண்டு அளக்க ஆரம்பித்தேன்.

தரைக்குத் தாய்ப்பத்திரத்து அளவை எடுத்தேன். கிழமேலடி, அதாவது கிழக்கு மேற்காக, வடபுறம் 24, தென்புறம் 24. தென்வடலடி இருபுறமும் 80. 1:100இல் 7.3க்கு 24.4 செ.மீ., ஒரே ஏ4 தாளில் அடங்கிவிடுகிறது. சுவர்களுக்கு மட்டும் நான் டேப்பில் அளந்த அளவு. திண்ணை, ரேழி, முற்றம், கூடம் எல்லாம் சேர்ந்தது. கொல்லைச் சுவர் மட்டும் சேரவில்லை. தரை ஒரு மூலையில் நாலரை மில்லி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது.

என் வெட்டில்தான் பிசகு என்று மூன்று முறை வெட்டினேன். நான்காம் முறை வெட்டாமல் கொல்லைக்குப் போய்த் திரும்ப அளந்தேன். தென்புறம் 24 இல்லை. 22½ அடிதான் இருக்கிறது.

பசைவிரல் · 29 ஜூலை 2024

அய்யோ.

பழைய_பத்திரம் · 29 ஜூலை 2024

அட்வான்ஸ் வாங்கவில்லையே? வாங்காதீர்கள். வாங்குபவரின் வக்கீலோ பேங்க் ஆளோ டேப்பை எடுப்பதற்குள் நீங்களே தெரிந்துகொண்டது நல்லதாயிற்று.

24க்கு 80 என்றால் 1920 சதுரடி. பின்புறம் 22½ என்றால் சராசரி 23¼, அதாவது 1860. அறுபது சதுரடி வித்தியாசம். காரணம் இரண்டில் ஒன்று. பழைய பத்திரம் எழுதியவர் பின்பக்கம் போய் அளக்காமல் முன்பக்க அளவையே எழுதியிருக்கலாம். எங்கள் தொழிலில் அது நடந்ததுதான், மறைக்க ஒன்றுமில்லை. அல்லது பக்கத்து வீட்டுக்காரர் மதில் கட்டும்போது நகர்ந்திருக்கலாம். டவுன் சர்வே பதிவேட்டின் நகலை எடுத்துப் பாருங்கள், அதில் சதுர மீட்டரில் இருக்கும். 178 என்று இருந்தால் பக்கத்து வீட்டுக்காரரோடு பேச வேண்டும். 173 என்று இருந்தால் உங்கள் டேப் சரி, பத்திரம் தப்பு.

காகிதக்கொக்கு · 9 ஆகஸ்ட் 2024

173. சர்வேயரை வைத்தும் அளந்தாயிற்று. மதில் அதன் இடத்தில்தான் இருக்கிறது. நாற்பத்தைந்து வருடமாக இல்லாத அறுபது சதுரடிக்கு அப்பா பெருமைப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

அம்மாவிடம் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது, எப்படித் தெரிந்தது என்பதையும். மேசை மேல் அந்தத் தரையும் சுவரும் கிடந்தன. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சோனோபே30 · 9 ஆகஸ்ட் 2024

வரி விஷயம் மாறிவிட்டது. ஜூலை 23க்கு முன் வாங்கிய வீட்டுக்கு, 12.5 சதவீதமா, பழையபடி 20 சதவீதமும் விலை ஏற்றமுமா, எது குறைவோ அது. இது இங்கே வசிப்பவர்களுக்கு மட்டும். சிங்கப்பூர்த் தம்பி பங்குக்குப் பொருந்தாது. அவர் பங்குக்கு வாங்குபவர் விலையிலேயே பிடித்துக் கட்டும் வரியும் (டிடிஎஸ்) வேறு, ஒரு சதவீதத்தோடு போகாது. முன்கூட்டியே வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள்.

நேர்க்கோடு · 10 ஆகஸ்ட் 2024

நான் சொன்னதைத் திரும்பப் பெறவில்லை. ஆனால் அளந்தது நல்லது.

காகிதக்கொக்கு · 14 செப்டம்பர் 2024

பத்திரம் முடிந்தது, ஆவணியிலேயே. முதலில் பார்த்துப் போனவர்தான். டவுன் சர்வே நகலை முதல் நாளே கையில் கொடுத்து, 1860க்குத்தான் விலை என்று நாங்களே சொன்னோம். மனிதர் அதற்கப்புறம் ஒரு ரூபாய் பேரம் பேசவில்லை. முத்திரைத் தீர்வை ஏழு, பதிவுக் கட்டணம் இரண்டு, ஆக ஒன்பது சதவீதம் அவர் பாடு. ரிஜிஸ்டர் ஆபீசில் டோக்கனுக்குக் காத்திருந்த நேரத்தில் முப்பது துண்டுப் பந்து ஒன்று முடிந்தது. வாங்கியவரின் பெண்குழந்தை கேட்டாள், கொடுத்துவிட்டேன்.

அம்மா எங்களோடு இருக்கிறாள். விமானம் இன்னும் ஒன்பதாம் நிலைதான். ஆறாவதைத் திரும்பச் செய்தேன், அவ்வளவே.

போன வாரம் ஷூ பெட்டியில் தேடிக்கொண்டிருந்தபோது அந்த வீட்டு மாடல் வெளியே வந்தது. கூரை போடவில்லை, கொல்லைச் சுவரைச் சரியான அளவில் கோணலாக ஒட்டியிருந்தேன். அம்மா பார்க்கக் கூடாதென்று திரும்ப உள்ளே வைக்கப் போனேன். கையிலிருந்து வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கிணத்தைக் காணோமே" என்றாள்.

நான் அளந்தபோது அங்கே கிணறு இல்லை. சிறு வயதிலேயே தூர்த்து மேலே துவைக்கிற கல் போட்டாயிற்று. "தொளசி மாடத்துக்கு இந்தப் பக்கம், உறைக்கிணறு, நாலடி அகலம் இருக்கும், கைப்பிடிச் சுவர் என் இடுப்புக்கு" என்று விரலால் இடம் காட்டினாள்.

மாமி, நாலடி என்றால் எனக்கு 12 மி.மீ. அட்டையை வளைத்துப் பார்த்தேன், உடைகிறது. பட்டையில் வருமா?

குவில்லிங்_மாமி · 14 செப்டம்பர் 2024

பேஷா வரும். உறைக்கிணறுன்னா வளையத்துமேல வளையம்தானே? 3 மி.மீ. பட்டையை எடுத்துண்டு, 12 மி.மீ. விட்டம் இருக்கிற மார்க்கர் மூடி ஏதாவது பார்த்து அதுமேல நாலு சுற்று சுற்றி, நுனியில மட்டும் பசை வச்சுக் கழட்டுங்கோ. அதே மாதிரி மூணு. ஒண்ணுமேல ஒண்ணு வச்சா 9 மி.மீ., உங்க கணக்குல மூணடி, இடுப்பு உயரம் சரியா வந்துடும். சேர்ற இடத்துல வரி தெரியும், மறைக்காதேள், உறை அப்படித்தான் இருக்கும்.

ராட்டினத்துக்கு என்ன பண்ணப் போறேள்?

பசைவிரல் · 14 செப்டம்பர் 2024

எங்க ஊர்ல அது சகடை. குண்டூசித் தலையில நூலைச் சுத்துங்க.

குவில்லிங்_மாமி · 15 செப்டம்பர் 2024

குண்டூசித் தலை ரொம்பப் பெருசு. முதல்ல அம்மாவைக் கேளுங்கோ, ராட்டினம் மரத்துல இருந்துதா இரும்புலயான்னு.